நாற்பத்தொன்றில் ஒரு பங்கு

முதலாளி ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் பூட்டிவிட்டுப் போய்த் திரும்பி வராத அந்த அண்டி ஆபீஸை, கொல்லாங்கொட்டை என்கிற முந்திரிக்கொட்டையை வறுத்து உடைத்துத் தோலுரித்துப் பருப்பாக்கி டின்னில் அடைக்கிற ஆலைக்கு அந்தப் பக்கத்தில் எல்லாரும் சொல்லுகிற பெயர் அதுதான், பதினான்கு மாதம் சும்மா கிடந்த பிறகு அங்கே வேலை பார்த்தவர்களே பூட்டை உடைத்துத் திறந்து, இனி இங்கே முதலாளி என்று தனியாக ஒருத்தர் கிடையாது, எல்லாரும் முதலாளி, எல்லாரும் வேலைக்காரர் என்று தங்களுக்குள் ஒரு சங்கம் வைத்து நடத்தத் தொடங்கி இரண்டு மாதம் ஆன ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணிக்கு, சங்கத்தின் தலைவி ஸ்டெல்லாபாய் கொட்டையை அடிப்பதாக நினைத்துத் தன் இடது கட்டைவிரலை மரக்கட்டையால் அடித்தாள்; நாற்பத்தொரு கட்டைவிரல்களில் ரத்தம் வந்தது.

அதிகமில்லை. ஒவ்வொரு விரலிலும் ஊசி பட்டாற்போல ஒரு பொட்டு. ஸ்டெல்லாபாயின் விரலிலும் அதே ஒரு பொட்டுதான், நசுங்கியிருக்க வேண்டிய நகம் நசுங்காமல் இருந்தது. பாய்லர் கொட்டகையிலிருந்து வின்சென்ட் விரலை வாயில் வைத்துக்கொண்டே வந்து, “ஆருக்கு அடிபட்டுது?” என்று கேட்டான்.

“எனக்குத்தான் அண்ணே.”

“பாத்து அடிக்கப்பிடாதா பிள்ளே? கரி அள்ளிட்டு நின்னேன், பதறிப் போச்சு.”

பிறகு எல்லாரும், கொட்டையின் கறுப்பு எண்ணெய் கையைப் பொசுக்காமல் இருக்கப் பக்கத்தில் வைத்திருக்கும் சாம்பலில் விரலை ஒரு முக்கு முக்கிவிட்டு வேலையைத் தொடர்ந்தார்கள். அதற்கு மேல் அதில் பேச ஒன்றும் இருப்பதாக யாருக்கும் தோன்றவில்லை, லிஜாவைத் தவிர. ஏனென்றால் உத்தரத்தில் கட்டிய சேலைத் தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்த அவளுடைய குழந்தை ஈவ்லினின் கட்டைவிரலிலும் அந்தச் சிவப்புப் பொட்டு இருந்தது.

நாற்பது பேர் வேலைக்காரர்கள், நாற்பத்தொன்றாவது ஈவ்லின். பூட்டை உடைத்த அன்றைக்கு வாசற்படி தாண்டி உள்ளே வந்தவர்கள் எல்லாரும் அங்கத்தினர் என்று அவர்கள் சட்டம் வைத்துக்கொண்டார்கள்; இருபது நாள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு லிஜாவும் உள்ளே வந்தாள், அவள் கன்னியாஸ்திரீகள் பள்ளியில் பன்னிரண்டாவது வரை படித்தவள், எழுத்து முத்துமுத்தாக இருக்கும் என்பதால் பதிவேட்டை அவள் மடியில் வைத்தார்கள். கடப்பாரையால் பூட்டைப் பெயர்த்தவள் நேசபாய். ஐம்பது வயது, வறுக்கிற இடத்து வெக்கையில் கறுத்து இறுகிப்போன உடம்பு, ஊரே கேட்கிற சிரிப்பு. அவள் குனிந்து துணிப்பொதிக்குள் பார்த்து, “இவளும் உள்ள வந்தால்லா? இவ பேரையும் எழுதுட்டி” என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். ஸ்டாம்ப் பேடில் குழந்தையின் காலை அமுக்கிக் கடைசிப் பெயருக்கு எதிரே ஒற்றினார்கள். நாற்பது கையெழுத்து, ஒரு காலடி.

சட்டத்தின் கடைசி வரியை எழுதியதும் லிஜாதான். கட்டுரையின் முடிவு மணி அடித்து நிற்பது போல இருக்கவேண்டும் என்று சிஸ்டர் ஒருவர் சொல்லித் தந்திருந்தார். லாபத்தைச் சமமாகப் பிரிப்போம் என்று எழுதினால் போதுமாக இருந்த இடத்தில் அவள், “எங்களில் ஒருவருக்கு எது வந்தாலும் அது எங்கள் எல்லாருக்கும் சமமாக வரும்” என்று எழுதி, உரக்க வாசித்து, கைதட்டும் வாங்கினாள். விரல் விஷயத்துக்குக் காரணம் கொட்டை எண்ணெய் என்றார்கள் சிலர், பதினான்கு மாதம் மனுச வாடை இல்லாமல் கிடந்த கட்டடம் என்றார்கள் சிலர். லிஜா தன் வரியைப் பற்றி வாய் திறக்கவில்லை.

பிறகு அது மழை வெயில் மாதிரி ஆகிவிட்டது. யாராவது ஒருத்தி காலையில் ஒன்றும் தின்னாமல் வந்தால் பத்து மணிக்கு நாற்பத்தொரு வயிறு லேசாகக் கிள்ளும், “ஆருட்டி இன்னைக்குத் திங்காம வந்தது?” என்று வரிசையாகக் கேட்டுப் பிடித்து அவளைப் பழையகஞ்சி முன்னால் உட்கார வைப்பார்கள், அவள் தின்னத் தின்ன எல்லாருக்கும் ஏப்பம் வரும், வின்சென்ட்டின் கடைவாய்ப் பல் வலி நாற்பத்தொரு வாயில் எறும்பு ஊர்வது போல ஒரு வாரம் ஊர்ந்தது, எண்ணெய் பட்டு வெந்த கைகள் வேகாமல் சிவந்ததோடு நின்றன, தோலுரிக்கிற மேரி புஷ்பத்துக்கு ஒரு புதன்கிழமை பிரசவ வலி எடுத்தபோது அவள் ஆஸ்பத்திரியில் வெற்றிலை மெல்லுகிறவள் மாதிரி கிடந்து பெற்றாள், இங்கே முப்பத்தொன்பது பேர், அதில் ஆண்கள் இரண்டு பேரும், முறத்தைக் கீழே வைத்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள், குடித்துவிட்டு வந்து பெண்டாட்டியின் கன்னத்தில் அறைந்த ஒருத்தன், கால் மணி நேரத்துக்குள் தன் வீட்டு முற்றத்தில் முப்பத்தொன்பது பேர் கன்னத்தைத் தடவிக்கொண்டு நிற்பதைக் கண்டான், அதன்பிறகு அவன் கையை வைத்துக்கொண்டு சும்மா இருந்தான். பக்கத்து ஊர் ஆபீஸ்களில் கூலிக்கு உடைக்கிற பெண்கள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் வேலிக்கு வெளியே வந்து நின்று, “எக்கா, எங்களையும் சேக்கியளா?” என்று கேட்டார்கள். நானூறு பேர் சேர்ந்தால் ஒரு தலைவலி எவ்வளவு வரும், நாலாயிரம் பேர் சேர்ந்தால் பசி என்று ஒன்று தெரியவே தெரியுமா என்று ஸ்டெல்லாபாய் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

அந்த நாட்களில் லிஜா பயத்தை மறந்துகூட இருந்தாள். குழந்தை பிறந்தபோது நெஞ்சில் ஓட்டை என்றிருந்தார் டாக்டர். அழவிடாதீங்க, அழுதால் நீலமாகும், பத்துக் கிலோ வரட்டும், கீறிப் பார்க்கலாம். முதல் இருபது நாளில் ஏழு தடவை நீலமானது. சங்கம் தொடங்கிய வாரத்திலிருந்து ஒரு தடவைகூட இல்லை. ஈவ்லின் அழுதாள், கத்தினாள், காலை உதைத்தாள், உதடு சிவப்பாகவே இருந்தது. மாதா இரங்கினாள் என்று லிஜா மெழுகுதிரி கொளுத்தினாள்.

சங்கம் தொடங்கிய எட்டாம் மாதம் நேசபாய்க்கு ஈரலில் புற்று வந்தது.

வந்ததும் எல்லாருக்கும் டீ வாசம் பிடிக்காமல் போனது. எண்பத்திரண்டு கண்களில் பழைய காகிதத்தின் மஞ்சள் ஏறியது. நாகர்கோவில் டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு நேசபாயைப் பார்த்தார், “இந்த அம்மா எப்படி நடமாடுறாங்க? ரெண்டு மாசத்துக்கு முன்னாலயே முடிஞ்சிருக்கணும்” என்றார். நேசபாய் ஆபீஸுக்குத் திரும்பி வந்து அதை அவர் குரலிலேயே நடித்துக் காட்டினாள்.

“சவத்த விடு மக்கா. நாப்பத்தொரு பேரு பிடிச்சா எந்தப் பெட்டி கனக்கும்?”

சிரித்தார்கள். ஆனால் அடுத்த திங்கட்கிழமை, மதியம் மூன்று மணிக்கு, கூடத்தில் கட்டைகளின் சத்தம் நின்றது. மழை நின்றது போலப் பைய அல்ல, ஒரேயடியாக. ஒரு அடி விழவேண்டிய நேரம் விழாமல் இருந்துவிட்டு மறுபடி தொடர்ந்தது. வாசலில் யாரோ எட்டிப் பார்த்துவிட்டுப் போனாற்போல எல்லாரும் ஒரு தடவை வாசலைப் பார்த்தார்கள். மறுநாள் மூன்று மணிக்கு இரண்டு அடி. அதற்கு மறுநாள், எவ்வளவு என்று உள்ளே இருந்த யாருக்கும் தெரியாது, தட்டுப் பருப்பைத் தூக்கிய கை தூக்கியபடி இருந்தது என்பதும், சூடாக வைத்த கஞ்சி ஆடை கட்டியிருந்தது என்பதும் பிறகுதான் தெரிந்தது. கணக்கு அவர்களுக்கு உடனே விளங்கியது. நேசபாயின் சாவு வந்துகொண்டிருக்கிறது, வருகிற வழியில் ஒவ்வொரு நாளும் ஒரு எட்டு எடுத்து வைக்கிறது, எட்டு வைக்கிற நேரத்துக்கு நாற்பத்தொரு பேரும் இல்லாமல் போய்த் திரும்புகிறார்கள்.

“எனக்கு ஒண்ணுதான் வெளங்கல்ல” என்றான் வின்சென்ட், படியில் உட்கார்ந்து. “ஒரு சாவுக்கு எம்புட்டு நேரம்? அது முடியாத நேரம்லா. முடியாத நேரத்த நாப்பத்தொண்ணால வகுத்தா என்ன வரும்? கான்வென்ட்ல படிச்சவ சொல்லு பாப்போம்.”

லிஜாவுக்கு விடை தெரியும். எழுந்து தொட்டிலை ஆட்டப் போனாள்.

வியாழக்கிழமை மூன்று மணி நிறுத்தத்திலிருந்து அவள் திரும்பியபோது முகம் தொட்டிலுக்கு நேராக இருந்தது. ஈவ்லின் கண் திறந்தபடி கிடந்தாள். அந்தத் திறந்த கண்ணில் ஒரு ஈ உட்கார்ந்திருந்தது. லிஜா பார்க்கும்போதுதான் குழந்தை இமை தட்டியது, ஈ பறந்தது.

அவள் எழுந்து, யாரிடமும் சொல்லாமல், பதிவேட்டை அலமாரியிலிருந்து எடுத்து, நாற்பத்தொன்றாவது பெயரின் குறுக்கே ஸ்கேல் வைத்து ஒரு கோடு இழுத்தாள்.

கூடம் முழுக்க ஒரு சத்தம் எழுந்தது. நாற்பது பேர் ஒரே நேரத்தில் ஆழமாக மூச்சு இழுக்கிற சத்தம். குனிந்து உடைத்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள், தோள்கள் அகன்றன, ஸ்டெல்லாபாய் நெஞ்சில் கை வைத்து, “என்னம்மோ, அடைச்ச சன்னல் தொறந்தாப்போல இருக்கு” என்றாள். பாய்லர் கொட்டகையிலிருந்து வின்சென்ட் எட்டுப் படியையும் ஒரே மூச்சில் ஏறி வந்து நின்று, தான் ஏறியதைத் தானே திரும்பிப் பார்த்தான். “மூணு எடத்துல நிப்பேன் இந்தப் படியில. வயசாயிட்டுன்னு நெனச்சேன்.” லிஜாவுக்கும் அந்தக் காற்று வந்தது, மாதக்கணக்காக மறந்திருந்த அடிவயிறு வரைக்கும் போகிற காற்று, அது எங்கிருந்து வருகிறது என்று விளங்குவதற்குள் அவள் தொட்டிலை விலக்கிப் பார்த்துவிட்டாள். ஈவ்லினின் உதடு நாவற்பழம் தின்றாற்போல இருந்தது. அழுவதற்குத் திறந்த வாயில் சத்தம் இல்லை.

கோடு இழுத்த பெயருக்குக் கீழே மறுபடி அதே பெயரை எழுதினாள், எழுத்து முதன்முறையாகக் கோணியது, மை காயாத பேடில் குழந்தையின் காலை அமுக்கி ஒற்றினாள். நீலம் இறங்கியது. கூடத்தில் தோள்கள் மறுபடி தாழ்ந்தன. எல்லாரும் முன்பு விட்டுக்கொண்டிருந்த அரை மூச்சை எடுத்து விடத் தொடங்கினார்கள்.

வின்சென்ட் குழந்தையின் உள்ளங்காலில் இருந்த மையைப் பார்த்தான். “இம்புட்டுக் கனத்தையா இந்தப் பொடிசு தூக்கிட்டு வந்து பொறந்தா” என்றான், பிறகு படியில் மூன்று இடத்தில் நின்று இறங்கிப் போனான்.

மறுநாள் காலை வேலை தொடங்குமுன் நேசபாய் வந்து லிஜாவின் பக்கத்தில் சாக்கில் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் எல்லாருக்கும் விலாவில் லேசாகக் குத்தியது.

“ஒரு கடுதாசி எழுதணும் மக்கா. எனக்க பேர வெட்டணும்னு. என்னைக் கொண்டு எழுதச் சொன்னா கோழி கிண்டினாப்போல இருக்கும்.”

லிஜா நிமிரவில்லை.

“நேத்து நானும் கோடு இழுத்த சத்தம் கேட்டேன், கேட்டியா? நீ செய்ததுல தப்பு ஒண்ணும் இல்ல. தப்பான பேர வெட்டிட்ட, அம்புட்டுதான்.”

“எக்கா, பேர வெட்டினா நீங்க ஒத்தைக்கு...”

“எல்லாரும் ஒத்தைக்குத்தானே சாவாவ. எனக்க அம்மை செத்தா, அவளுக்குக் கூட்டு ஆரு போனா? எழுது. உனக்க பிள்ளைக்க கண்ணுல ஈ இருந்தத நானும் கண்டேன்.”

லிஜா எழுதினாள். எழுத்து கோணவில்லை, அதுதான் அவளுக்குப் பின்னாளில் நினைக்கக் கூச்சமாக இருந்தது. முத்துமுத்தாக, தேதி போட்டு, வணக்கத்துடன் முடித்து எழுதினாள், உள்ளுக்குள் ஒரு குரல் நன்றி ஆண்டவரே, நன்றி ஆண்டவரே என்று சொல்லிக்கொண்டே இருந்தது. நேசபாய் கட்டைவிரல் ஒற்றினாள். அந்த விரல் நுனியில், ஸ்டெல்லாபாய் தன்னை அடித்துக்கொண்ட நாளின் பொட்டு, ஆறிய தழும்பாக, எல்லார் விரலிலும் இருப்பது போலவே இருந்தது.

முறைப்படி யாரும் விலகுவதானால், லிஜா முந்தினநாள் செய்ததுபோல் அல்லாமல், கூட்டம் கூட வேண்டும், கை தூக்க வேண்டும். விலகுகிறவருக்கு மட்டும் கை இல்லை. இரு பக்கமும் சமமாக வந்தால் இருப்பது இருக்கிறபடி இருக்கும். ஈவ்லினுக்கும் ஒரு கை உண்டு, பதினெட்டு வயது வரை அதைத் தூக்க வேண்டியது லிஜா. மதியச் சாப்பாடு முடிந்ததும் எல்லாரும் தரையில் கூடினார்கள். லிஜா கடிதத்தை வாசித்தாள்.

“ஒத்துக்கிடுகவங்க கையப் பொக்குங்க” என்றாள் ஸ்டெல்லாபாய்.

முதலில் வின்சென்ட்டின் கை. “எனக்கு மூணு பொட்டப் பிள்ளைய. நான் பயந்தவன்தான், எழுதிக்க.” யாரும் அவனைத் திட்டவில்லை. தயங்கித் தயங்கி, ஒருத்தர் மற்றவரைப் பார்க்காமல், இருபது கைகள் எழுந்தன. நேசபாய் எழுந்த கைகளைப் பார்த்துச் சந்தோஷமாகத் தலையாட்டினாள்.

“ஒத்துக்கிடாதவங்க.”

பதினெட்டு. ஸ்டெல்லாபாயின் கை அதில் ஒன்று. அவள் லிஜாவைப் பார்த்தாள். “ரெண்டு கை உனக்க கிட்ட இருக்கு. சொல்லு பிள்ளே.”

லிஜாவின் மடியில் ஈவ்லின் பதிவேட்டு நாடாவைச் சப்பிக்கொண்டிருந்தாள். இரண்டு கையும் முன்பே எழுந்திருந்தால் எல்லாம் முடிந்திருக்கும், ஏன் தூக்கவில்லை என்று லிஜாவுக்கே தெரியவில்லை. தூக்கப் போனவள் கூடத்தைப் பார்த்துவிட்டாள், அவ்வளவுதான், அங்கே ஒத்துக்கொண்டவர்களும் ஒத்துக்கொள்ளாதவர்களும் ஒரே மாதிரி மேல்மூச்சில் உட்கார்ந்திருந்தார்கள், வின்சென்ட் தூக்கிய கையோடு வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான், அந்த மூச்சில் குறைந்ததெல்லாம் அவள் மடியில் நாடா சப்பிக்கொண்டிருந்தது.

“என்னை விட்டிரு மக்கா” என்றாள் நேசபாய்.

லிஜா முதலில் தன் கையைத் தூக்கினாள். பிறகு குழந்தையின் மணிக்கட்டைப் பிடித்து அந்தக் கையையும் தூக்கினாள். “ஒத்துக்கிடல்ல” என்றாள். “ரெண்டு பேரும்.”

இருபது, இருபது. இருப்பது இருக்கிறபடி.

பிறகு வின்சென்ட் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். “தோத்தாச்சு. செரி, சாக்கு விரிக்கணுமே. ஆளுக்கு ஒண்ணு போருமா, ரெண்டு வேணுமா?”

திங்கட்கிழமை மதியம் நேசபாய் சோற்றை ஒதுக்கி வைத்து, “இன்னைக்கு வரும்போல இருக்கு” என்றாள். வின்சென்ட் பாய்லரை அணைத்து, பார்க்க ஆள் இருக்காது என்பதால் தண்ணீரையும் திறந்துவிட்டான். பருப்புத் தட்டுகளை எறும்பு ஏறாமல் தண்ணீர்ச் சட்டியில் வைத்தார்கள். வாசலில் ஸ்டெல்லாபாய் சிலேட்டில் ‘மதியத்துக்கு மேல் ஆபீஸ் இல்லை’ என்று எழுதித் தொங்கவிட்டாள், பிறகு யோசித்து ‘மதியத்துக்கு மேல்’ என்பதை அழித்தாள். வீட்டுக்காரர்களும் பிள்ளைகளும் முற்றத்தில் வந்து நின்றார்கள், அவர்களிடம் விஷயத்தைச் சொல்லியிருந்தது. மேரி புஷ்பம் தன் குழந்தையை மாமியாரிடம் கொடுத்துவிட்டு உள்ளே வந்தாள். நடுவில் நேசபாய், சுற்றிலும் வரிசையாக எல்லாரும் படுத்தார்கள். லிஜா ஈவ்லினுக்குப் பால் கொடுத்து, தன் நெஞ்சோடு சேர்த்து ஒரு சேலையால் கட்டிக்கொண்டு படுத்தாள். அவளுக்கு இருந்த பயம் ஒன்றே ஒன்றுதான்: குழந்தை இல்லாத அந்த நேரத்தில் தானும் இருக்கமாட்டாள், பார்த்துக்கொள்ள முடியாது. தன் பேரை வெட்டிவிட்டு விழித்திருந்து பார்க்கலாமா என்று வெள்ளிக்கிழமையிலிருந்து யோசித்தாள். வெட்டினால் நாற்பது பங்காகும், ஈவ்லினின் பங்கு கூடும். அதனால் வெட்டவில்லை.

“பல்லு தேச்சாச்சா எல்லாரும்?” என்றாள் நேசபாய். யாரோ சிரித்த சிரிப்பு பாதியில் நின்றது.

அந்த நேரத்தில் என்ன இருந்தது என்று பிறகு ஊரில் கேட்காதவர்கள் இல்லை. ஒருவரிடமும் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. முற்றத்தில் நின்றவர்கள்தான் சொன்னார்கள்: சன்னல் வழியே பார்த்தால் நாற்பத்தொரு பேர் படுத்திருந்தார்கள், நெஞ்சு ஏறவில்லை இறங்கவில்லை, சாயங்காலம் குருவிகள் உள்ளே வந்து அவர்கள் மேல் நடந்தன, விடிந்தது, வெயில் தரையில் ஊர்ந்து ஒவ்வொரு முகத்தையும் தாண்டியது, யாரும் முகத்தைத் திருப்பவில்லை. அழுதால் அது சாவு என்றே ஆகிவிடும் என்று பயந்து ஒருவரும் அழவில்லை.

மறுநாள் பத்து மணிக்கு லிஜாவின் காதில் ஒரு சத்தம் விழுந்தது. சுவரோரத்தில் யாரோ மூச்சு இழுத்தார்கள். பிறகு பக்கத்தில் இன்னொன்று, பிறகு இன்னொன்று, டின்களை ஒவ்வொன்றாகத் தரையில் வைப்பது போல வரிசையாக வந்து, வின்சென்ட்டின் இருமல் வந்து, நடுவில் நேசபாயின் நீண்ட மூச்சும் வந்து, லிஜாவுக்கும் வந்தது. அவள் நெஞ்சில் கட்டியிருந்த பொதி மட்டும் அசையவில்லை. கல்லுப்போலக் குளிர்ந்திருந்தது.

“வரல்ல” என்றாள் லிஜா. சத்தம் போடக்கூட அவளிடம் காற்று இல்லை. “இவளுக்கு வரல்ல.”

நேசபாய் நடக்க முடியாமல் சாக்கின் மேல் தவழ்ந்து வந்தாள். ஸ்டெல்லாபாய் வந்தாள், எல்லாரும் வந்து குனிந்தார்கள். வின்சென்ட்தான் சொன்னான், மூட்டை ஏற்றும்போது சொல்லுகிற குரலில், “எல்லாரும் சேந்து. உள்ள இழு. இவளுக்கு உள்ளதையும் இழு. ம்.”

நாற்பது பேர் இழுத்தார்கள். “விடு.” விட்டார்கள். “இழு.” தூசியும் கொட்டை எண்ணெய் வாடையும் நிறைந்த அந்தக் கூடத்தின் காற்று முழுவதும் ஒரே பக்கமாகப் போய் ஒரே பக்கமாக வந்தது, சன்னல் கதவுகள் அந்த மூச்சுக்கு உள்ளே சாய்ந்து வெளியே சாய்ந்தன, முற்றத்தில் நின்றவர்கள் தாங்களும் அறியாமல் கூடவே இழுத்துக் கூடவே விட்டார்கள், எத்தனை தடவை என்று யாரும் எண்ணவில்லை, லிஜா மட்டும் இழுக்கும்போதெல்லாம் பொதியை இறுக்கிக்கொண்டாள்.

ஈவ்லினின் அழுகை முதலில் நேசபாயின் தொண்டையிலிருந்துதான் வந்தது. பல் முளைக்காத, நாக்கு புரளாத, பசித்த சின்ன அழுகை, ஐம்பது வயதுக்காரியின் திறந்த வாயிலிருந்து வந்தது, நேசபாய் திடுக்கிட்டு வாயைப் பொத்தினாள், அது வின்சென்ட்டின் வாய்க்குப் போனது, அவனிடமிருந்து ஸ்டெல்லாபாயிடம், அவளிடமிருந்து மேரி புஷ்பத்திடம், வாய் வாயாக, வீடு தெரியாமல் அலைகிற பிள்ளையைப் போலக் கூடத்தைச் சுற்றி வந்து, லிஜாவின் தொண்டையில் ஒரு நொடி தங்கி, கடைசியில் அவள் நெஞ்சிலிருந்த பொதிக்குள் இறங்கி, அங்கிருந்து கேட்கத் தொடங்கியது.

லிஜா சேலையை அவிழ்த்துப் பால் கொடுக்க எடுத்தாள். குழந்தையின் உதட்டில் மெல்லிய நீலம் இருந்தது. பதறி நிமிர்ந்தவள் நேசபாயின் உதட்டைப் பார்த்தாள், வின்சென்ட்டின் உதட்டை, ஸ்டெல்லாபாயின் உதட்டை, சுற்றிக் குனிந்திருந்த ஒவ்வொரு உதட்டையும் பார்த்தாள். அதே நீலம், கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அவள் கண்ணாடி கேட்கவில்லை. குழந்தை சப்பத் தொடங்கியது, எல்லாருக்கும் பசி ஆறத் தொடங்கியது.